லிப்போ பேட்டரி சார்ஜ் ஆக எவ்வளவு நேரம்? கணக்கு எங்கே உதைக்கிறது

ட்ரோன் ப்ராஜெக்ட் செய்யும் ஒரு கல்லூரி மாணவரின் கேள்வி இது. அவரிடம் 3எஸ் (மூன்று செல்களைத் தொடராக இணைத்தது) 2200 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி, அதாவது கொள்ளளவு) லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி ஒன்று இருக்கிறது. பி6 வகை சார்ஜரில் 2.2 ஆம்பியர் வைத்துச் சார்ஜ் போடுகிறார். 2200-ஐ 2200-ஆல் வகுத்தால் சரியாக ஒரு மணி நேரம் வர வேண்டும். ஆனால் ஒரு நாள் 55 நிமிடத்தில் முடிகிறது, இன்னொரு நாள் ஒன்றேகால் மணி நேரம் இழுக்கிறது. அவருடைய நண்பர் 4எஸ் 5000 பேட்டரியை அதே சார்ஜரில் 5 ஆம்பியர் வைத்துப் போட்டும் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டர்களில் ஒன்று விடையை 1.2-ஆல் பெருக்கச் சொல்கிறது, இன்னொன்று 1.4 என்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்ப வேண்டாம். அந்த 1.2, 1.4 எல்லாம் நிக்கல் பேட்டரி காலத்துச் சங்கதி. பழைய நிக்கல் காட்மியம் செல்லின் மேல் 14 மணி நேரம் சார்ஜ் செய்யவும் என்று அச்சிட்டிருப்பார்கள், அதுவும் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில். வகுத்தால் 10 மணி நேரம்தான் வர வேண்டும், ஆனால் அந்த வகை செல்லில் உள்ளே போகும் மின்சாரத்தில் ஒரு பகுதி வெப்பமாகவும் வாயுவாகவும் வீணாகும், அதனால்தான் 1.4. லித்தியத்தில் அந்த வீணடிப்பு கிட்டத்தட்ட கிடையாது. பறக்கும்போது 1650 எம்ஏஎச் எடுத்திருந்தால் சார்ஜரும் ஏறக்குறைய அதே 1650-ஐத்தான் திருப்பி வைக்கும், நூற்றுக்கு ஒன்று கூடக் கூடுதலாகாது. ஆகவே லிப்போவில் நேரம் கூடுவதற்குக் காரணம் வேறு. அது ஒரே எண்ணால் பெருக்கிச் சரிக்கட்டக் கூடிய காரணமும் இல்லை.

லிப்போ சார்ஜ் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் சார்ஜர் நீங்கள் வைத்த மின்னோட்டத்தை மாற்றாமல் தள்ளிக்கொண்டே இருக்கும், செல்லின் வோல்ட்டேஜ் மெல்ல ஏறும். ஒரு செல்லுக்கு 4.20 வோல்ட் தொட்டவுடன் இரண்டாம் கட்டம். இப்போது வோல்ட்டேஜை 4.20-ல் பிடித்து வைத்துக்கொண்டு மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரும், தொடக்க மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கியதும் முடிந்தது என்று நிறுத்திவிடும். சில சார்ஜர்கள் இருபதில் ஒரு பங்கு வரை காத்திருக்கும். பெட்ரோல் பங்கில் டேங்கை விளிம்பு வரை நிரப்பச் சொன்னால் கடைசியில் விட்டு விட்டு அழுத்துவார்களே, அந்த மாதிரி. நேரக் கணக்கு உதைப்பது இந்த இரண்டாம் கட்டத்தில்தான், இதை இனி வால் என்றே சொல்கிறேன்.

வாலுக்கு எவ்வளவு நேரம் என்பதையும் கணக்குப் போடலாம். மின்னோட்டம் அடுக்குக்குறி வேகத்தில் தேய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (உண்மையில் அப்படியே இருக்காது, ஆனால் கை கணக்குக்குப் போதும்). பத்தில் ஒரு பங்குக்கு இறங்கும்வரை ஆகும் நேரத்தை, அதே எம்ஏஎச்சை முழு மின்னோட்டத்தில் ஏற்றினால் ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் 2.56 மடங்கு வருகிறது. 10-இன் இயல் மடக்கை 2.303, அதை 0.9-ஆல் வகுத்தது, அவ்வளவுதான். இருபதில் ஒரு பங்கு வரை காத்திருக்கும் சார்ஜரானால் 3.15 மடங்கு. அதாவது முழுச் சார்ஜையும் பெருக்காதீர்கள், வாலில் ஏறும் பங்கை மட்டும் இரண்டரையால் பெருக்குங்கள்.

அந்தப் பங்கு எவ்வளவு என்பது செல்லின் உள் மின்தடையைப் பொறுத்தது. நல்ல நிலையில் உள்ள ஆர்சி (ரிமோட் கன்ட்ரோல் ட்ரோன், விமானங்களுக்கான) பேட்டரியை 1சி வேகத்தில், அதாவது 2200 எம்ஏஎச்சுக்கு 2.2 ஆம்பியர் என்ற கணக்கில் போட்டால் ஏறக்குறைய 88 முதல் 90 சதவீதம் வரை முதல் கட்டத்திலேயே ஏறிவிடும். மாணவரின் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். 25 சதவீதம் மிச்சம் வைத்து இறக்கியிருக்கிறார் என்றால் ஏற்ற வேண்டியது 1650 எம்ஏஎச். அதில் முழுக் கொள்ளளவான 2200-இன் கடைசி 12 சதவீதம், அதாவது 264 எம்ஏஎச், வாலில் போகிறது. மீதி 1386-ஐ 2.2 ஆம்பியரில் ஏற்ற 38 நிமிடம். 264-க்கு 7.2 நிமிடம் ஆக வேண்டியது, 2.56-ஆல் பெருக்கினால் 18 நிமிடம். மொத்தம் 56. அவர் சொன்ன 55 நிமிடம் இதுதான். முழுக் கொள்ளளவை வகுத்து வந்த ஒரு மணி நேரத்துக்கு இது பக்கத்தில் வந்தது தற்செயல். பேட்டரி முழுசாகக் காலியாகவில்லை என்பதும் வால் நீள்கிறது என்பதும் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிட்டன, அவ்வளவே.

இப்போது இதையே 2சி வேகத்தில், 4.4 ஆம்பியரில் போட்டால்? (பேட்டரியும் சார்ஜரும் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம்.) பெரும்பாலானவர்கள் 56-இல் பாதி 28 என்பார்கள். ஆனால் மின்னோட்டம் இரட்டித்தால் உள் மின்தடையில் விழும் வோல்ட்டேஜும் இரட்டிக்கும், செல் 4.20-ஐ முன்கூட்டியே தொட்டுவிடும், அதனால் வாலில் ஏற வேண்டிய பங்கு 22 சதவீதம் போல ஆகிவிடும். முதல் கட்டம் 16 நிமிடம், வால் 17 நிமிடம், மொத்தம் 33. சரி, பாதி வேகத்தில், 1.1 ஆம்பியரில்? வாலின் பங்கு 6 சதவீதம் என்று எடுத்தால் முதல் கட்டம் 83 நிமிடம், வால் 18, மொத்தம் 101.

மூன்றிலும் வாலைப் பாருங்கள். 18, 18, 17. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மின்னோட்டத்தைக் கூட்டினால் முதல் கட்டம் மட்டும்தான் சுருங்குகிறது, வால் அப்படியே நிற்கிறது. வாலின் நீளத்தைத் தீர்மானிப்பது செல்லின் மின்தடையும், 4.20-ஐ ஒட்டிய பகுதியில் வோல்ட்டேஜ் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதும்தான், சார்ஜரில் நீங்கள் வைக்கும் மின்னோட்டம் அல்ல. எனவே வகுத்து வந்த நேரத்தோடு ஒரு நிலையான எண்ணைக் கூட்டுவதுதான் முறை, பெருக்குவது அல்ல. வால் 18 நிமிடம், அதில் 7 ஏற்கனவே வகுத்தலில் வந்துவிட்டது, ஆக இந்தப் பேட்டரிக்கு 1சி-யில் கூட்ட வேண்டியது 11. மனக்கணக்குக்கு எளிமையாக வேண்டுமென்றால், ஏற்ற வேண்டிய எம்ஏஎச்சை மின்னோட்டத்தால் வகுத்து, நல்ல பேட்டரிக்கு 10 முதல் 15 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். பழைய பேட்டரிக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை அந்தப் பேட்டரியே சொல்லும், ஒரு முறை போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு, சார்ஜர் திரையில் ஆம்பியர் இறங்கத் தொடங்கிய நேரத்தைக் குறித்தால் போதும். அந்த எண் மாதக்கணக்கில் நீண்டுகொண்டே போனால் உள் மின்தடை ஏறுகிறது, பேட்டரி ஓய்வை நோக்கிப் போகிறது என்று அர்த்தம். உப்புவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த ஒன்றேகால் மணி நேரம். 56-க்கு மேல் வந்த 20 நிமிடம் பெரும்பாலும் பேலன்ஸ் வேலை. மூன்று செல்லும் ஒரே வேகத்தில் நிரம்புவதில்லை. ஒரு செல் முந்திக்கொண்டு 4.20 தொட்டுவிட்டால், சார்ஜர் அந்த செல்லிலிருந்து ஒரு சின்ன மின்தடை வழியே மின்சாரத்தை வடித்துவிட்டு மற்றவை எட்டிப் பிடிக்கும்வரை காத்திருக்கும். பி6 வகை சார்ஜர்களில் இந்த வடிகால் செல்லுக்கு 300 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கும். ஒரு செல் 100 எம்ஏஎச் முன்னால் இருந்தால் 100-ஐ 300-ஆல் வகுத்து 20 நிமிடம். கணக்கு சரியாக வருகிறதா? மலிவான நகல்களில் இந்த வடிகால் இன்னும் சிறியதாக இருக்கும், அங்கே அரை மணி நேரம் கூட இழுக்கும். ஒவ்வொரு முறையும் இப்படி இழுத்தால் சார்ஜரைத் திட்டாமல் எந்த செல் தனியே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எப்போதாவது ஒரு முறை என்றால் கவலையே வேண்டாம்.

நண்பரின் 5 ஆம்பியர் கதை வேறு. இதில்தான் நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் மாட்டுகிறார்கள். சார்ஜரின் பெட்டியில் 5 ஆம்பியர் என்று பெரிதாகவும் 50 வாட் என்று சிறிதாகவும் போட்டிருக்கும். அந்தச் சின்ன எழுத்துதான் எஜமான். 4எஸ் பேட்டரி சார்ஜ் ஆகும்போது சராசரியாக 15.8 வோல்ட், 50-ஐ அதனால் வகுத்தால் 3.2 ஆம்பியர்தான். கடைசியில் 16.8 வோல்ட்டில் 3 ஆம்பியர். 5 என்று நீங்கள் எதை அழுத்தி வைத்தாலும் அது தருவது அவ்வளவே. 80 சதவீதம் ஏற்ற, அதாவது 4000 எம்ஏஎச், முதல் கட்டம் 70 நிமிடம், வால் 18, மொத்தம் 88 நிமிடம். இதே சார்ஜரில் 6எஸ் 5000 போட்டால் 25.2 வோல்ட்டில் 2 ஆம்பியர்தான் கிடைக்கும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். மேலே சொன்ன 3எஸ் 2200-ஐ 2சி-யில் போடும் ஆசைக்கும் 4.4 பெருக்கல் 12.6, அதாவது 55 வாட் வேண்டும், 50 வாட் சார்ஜர் அதற்கே கொஞ்சம் திணறும்.

அதற்குப் பின்னால் இன்னொரு பூட்டும் இருக்கிறது, சார்ஜருக்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டர். வீட்டில் கிடந்த சிசிடிவி அடாப்டரை, 12 வோல்ட் 2 ஆம்பியர், எடுத்துச் சொருகிவிட்டு மெதுவாக ஏறுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது 24 வாட். சார்ஜரில் வீணாவது போக 20 வாட் மிஞ்சினால் பெரிய விஷயம். 50 வாட் சார்ஜருக்கு 12 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் குறைந்தபட்சம். ஆகவே நேரம் கணக்கிடும் முன் மூன்று மின்னோட்டங்களைப் பார்த்து எது சிறியதோ அதை எடுங்கள்: நீங்கள் வைத்தது, சார்ஜரின் வாட் அனுமதிப்பது, அடாப்டர் அனுமதிப்பது.

இதில் பேட்டரியின் மேல் போட்டிருக்கும் 25சி, 45சி என்ற எண்ணைச் சேர்த்துவிடாதீர்கள். அது வெளியே எடுக்கும் வேகம். சார்ஜ் வேகம் தனியாக, பொடி எழுத்தில், பின்பக்கம் இருக்கலாம். அங்கே ஒன்றும் இல்லையென்றால் 1சி என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்றும் கேட்பீர்கள். வோல்ட்டேஜ் செக்கரை வைத்துப் பார்க்கலாம், ஆனால் ஓய்வில் இருக்கும் பேட்டரியில்தான் அதற்கு மதிப்பு. செல்லுக்கு 4.02 வோல்ட் என்றால் ஏறக்குறைய 80 சதவீதம், 3.84 பாதி, 3.73 என்றால் 20. இதில் சிக்கல் என்னவென்றால் பாதிக்கும் 20 சதவீதத்துக்கும் இடையே வித்தியாசம் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே, மலிவான செக்கரின் பிழையே 0.02, 0.03 இருக்கும், அதுவே ஐந்து பத்து சதவீதத்தைச் சாப்பிட்டுவிடும். ட்ரோனில் மின்னோட்ட சென்சார் இருந்தால் அது காட்டும் எம்ஏஎச்சை நம்புங்கள், அதைவிட நல்ல வழி இல்லை. அதுவும் இல்லையென்றால் போன முறை சார்ஜர் எவ்வளவு ஏற்றியது, எத்தனை நிமிடம் பறந்தது என்பதை வைத்து விகிதம் போடலாம்.

பி6 பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல பி6 வகை சார்ஜர்களில் பாதுகாப்புக்காக 120 நிமிடம் என்ற நேர வரம்பும் 5000 எம்ஏஎச் என்ற கொள்ளளவு வரம்பும் தொழிற்சாலையிலேயே வைத்து வரும். பெரிய பேட்டரி வாங்கியவர்கள் பாதியில் நின்றுவிடுகிறது, பேட்டரி போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்குக் காரணம் பல நேரம் இதுதான். மெனுவுக்குள் போய், நீங்கள் கணக்கிட்ட நேரத்தைவிட ஒரு 25 சதவீதம் கூட வைத்து அமையுங்கள். அணைத்து மட்டும் வைக்காதீர்கள், ஏதாவது ஒரு செல் கெட்டு வோல்ட்டேஜ் ஏறாமல் நின்றால் சார்ஜரை நிறுத்தப் போவது அந்த வரம்புதான்.

ஒற்றை செல் வைத்து வேலை செய்பவர்களுக்கு, அதாவது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிபி4056 என்ற ஒற்றை செல் சார்ஜர் போர்டு வாங்கி ஒரு சின்ன பவுச் பேட்டரியோடு இணைப்பவர்களுக்கு, வேறு எச்சரிக்கை. அந்த போர்டில் 1.2 கிலோ ஓம் மின்தடை பொருத்தி வரும், அதன்படி 1 ஆம்பியர். 500 எம்ஏஎச் பேட்டரிக்கு அது 2சி. சீக்கிரம் ஏறுகிறதே என்று சந்தோஷப்படாமல் அந்த மின்தடையை மாற்ற வேண்டும், 3 கிலோ ஓம் போட்டால் 400 மில்லி ஆம்பியர் ஆகும். முழுக்க இறங்கிய 500 எம்ஏஎச் பேட்டரிக்கு அப்போது 75 நிமிடமும் வாலும். வாலும் கொஞ்சம் நீளமாகவே இருக்கும், ஏனென்றால் இந்தச் சின்ன பவுச்களின் உள் மின்தடை ஆர்சி பேட்டரியைவிடப் பல மடங்கு. செல் 2.9 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் சிப் முதலில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில்தான் தொடங்கும், அந்த நேரத்தையும் சேர்க்க வேண்டும்.

பவர் பேங்க் விஷயத்தில் எம்ஏஎச்சை வைத்து வகுப்பதே தப்பு. 10000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு, நீங்கள் கொடுப்பதோ 5 வோல்ட் 2 ஆம்பியர். 37 வாட் மணியை 10 வாட்டால் வகுத்தால் 3.7 மணி நேரம், மாற்றுவதில் வீணாவதற்கு நூற்றுக்குப் பத்துப் பதினைந்து சேர்த்தால் 4.2, வாலோடு நாலரை. 10000-ஐ 2000-ஆல் வகுத்து 5 மணி நேரம் என்று சொல்பவருக்கும் விடை பக்கத்தில் வந்துவிடும்தான், ஆனால் 9 வோல்ட் வேகச் சார்ஜரில் போடும்போது அந்தக் கணக்கு அவரைக் கைவிட்டுவிடும்.

வெப்பமும் குளிரும் பற்றி ஒரு வார்த்தை. குளிரில் உள் மின்தடை ஏறும், வால் நீளும், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லிப்போவைச் சார்ஜே செய்யக் கூடாது. சமவெளியில் நமக்கு அது பிரச்சினை இல்லை, பிரச்சினை மே மாத வெயில். 45 டிகிரிதான் பொதுவாகச் சொல்லப்படும் மேல் வரம்பு, பறந்து இறங்கிய பேட்டரி அதைத் தாண்டியே இருக்கும், தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறும்வரை நிழலில் வையுங்கள். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடமும் உங்கள் நேரக் கணக்கில் வர வேண்டும், ஆனால் யாரும் சேர்ப்பதில்லை.

இதெல்லாம் பணமாக மாறும் இடம் மருந்து தெளிக்கும் ட்ரோன். 10 லிட்டர் ட்ரோனுக்கு 6எஸ் 16000 எம்ஏஎச் பேட்டரி இரண்டு சேர்ந்து ஒரு செட் என்று வைத்துக்கொள்வோம். 1சி-யில் போட ஒரு பேட்டரிக்கு 16 ஆம்பியர், 25.2 வோல்ட்டில் 403 வாட், இரண்டுக்கும் 806, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் 900 வாட்டுக்கு மேல். 1 கேவிஏ ஜெனரேட்டர் இதற்குப் போதாது, 2 கேவிஏ வேண்டும். கார் பேட்டரியில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால், ஒரு 16000 பேட்டரிக்கு 80 சதவீதம் ஏற்றவே 284 வாட் மணி, சார்ஜரில் வீணாவதோடு 330 தாண்டும், 12 வோல்ட் 65 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்காமல் எடுத்தால் கிடைப்பது 390. ஆக ஒரு செட்டில் ஒரு பேட்டரியோடு கதை முடிந்தது.

இங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு பறத்தலும் டேங்க் நிரப்புவதும் சேர்த்து 15 நிமிடம், ஒரு செட் சார்ஜ் ஆக 55 நிமிடம் என்றால், ஒரே நேரத்தில் ஒரு செட் போடும் சார்ஜர் ஒன்று மட்டும் வைத்திருப்பவர் எத்தனை செட் பேட்டரி வாங்கினாலும் நாள் முழுக்க ஓட்ட முடியாது. கூடுதல் செட்டுகள் காலையில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் தடையில்லாமல் போக உதவும், அதற்குப் பிறகு வேலையின் வேகம் சார்ஜரின் வேகம்தான். பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் தரும் மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி மாதிரித் திட்டங்களில் ட்ரோனோடு கூடுதல் பேட்டரி செட்டுகளும் வேகச் சார்ஜரும் சேர்த்தே தருவதற்குக் காரணம் இருக்கிறது. சொந்தக் காசு போட்டு வாங்குபவர்கள் ஐந்தாவது செட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டாவது சார்ஜரும் சரியான ஜெனரேட்டரும் வாங்குவது நல்லது என்பது என் அபிப்பிராயம். பேட்டரி சும்மா இருந்தாலும் வயதாகும், சார்ஜருக்கு அந்த அளவுக்கு இல்லை.

வயலில் நேரம் மிச்சப்படுத்த ஒரு சுலபமான வழியும் உண்டு. வால் தொடங்கியவுடன் நிறுத்திவிடுங்கள். மேலே போட்ட அதே விகிதத்தில், 38 நிமிடத்தில் 88 சதவீதம் வந்துவிட்டது, மீதி 12 சதவீதத்துக்குத்தான் 18 நிமிடம் உட்கார வேண்டும். பறக்கும் நேரத்தில் ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ குறையும், ஆனால் ஒரு மணி நேரத்தில் ஏற்றக் கூடிய செட்டுகள் கூடும், பேட்டரியும் 4.20-ல் கிடக்காததால் கொஞ்சம் அதிக நாள் உழைக்கும். இப்படி நிறுத்தினால் பேலன்ஸ் பாதியில் நிற்கும் என்பதால், அன்று இரவோ மறுநாள் காலையோ பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒரு முறை முழு பேலன்ஸ் சார்ஜ் போட்டுவிடுங்கள். டேங்கில் மருந்து ஏற்றும் அளவையும் அந்த 12 சதவீதத்துக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வரப்பு நடுவில் பேட்டரி அலாரம் அடிக்கும்.